பங்காளிகளும் படகும்

பங்காளி என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் உண்டு. பங்குக்காரன் என்பது ஒன்று, சண்டைக்காரன் என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால் நமக்குத் தனித்தனிச் சொல் தேவைப்படவில்லை. "கூட்டுச் சொத்து குட்டிச் சுவர்" என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அப்படிச் சொல்ல அவருக்குத் தகுந்த காரணம் இருந்தது. நானும் அதை அறுபது வருஷம் வேதவாக்காக நம்பி வந்தேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, கூட்டுப் பெயரில் விண்ணப்பம் வந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படிப்பேன்.

போன ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு படகுத்துறையில் ஒரு நாள் கழித்தேன். அதற்குப் பிறகு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எழுபத்தொரு வயதில் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வது முழங்கால் மாற்று சிகிச்சையைவிடச் சிரமம். ஆகவே காரணத்தோடு எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தோணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன மரக்கலம். அதில் ஒன்றில் என் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பெரியப்பாவின் மைத்துனருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் இருந்தது. அப்பா அதில் ஏறிக் கடலுக்குப் போனவர் அல்ல. ஒரு கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. ஆனாலும் தோணி வந்து நிற்கும் நாளில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். தண்டல் என்னைத் தூக்கி மேலே விடுவார். பாய்க்கயிறும் எண்ணெயும் உப்பும் கலந்த அந்த வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது.

மரக்கலத்துக்கு வருஷா வருஷம் கலப்பத்து பார்க்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். செலவு பிடித்த வேலை. "போன தடவை நான் கொடுத்தேன், இந்தத் தடவை அவன் கொடுக்கட்டும்" என்று பெரியப்பா. "போன தடவை லாபத்தில் அவர் கூட எடுத்தார்" என்று அப்பா. "இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள், பிறகு நான் தருகிறேன்" என்று மைத்துனர். தோணியைக் கரையேற்றிப் போட்டார்கள். இரண்டு கோடை அது வெயிலில் கிடந்தது. பலகைகள் காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஐப்பசி மழை மேல்தளத்தில் தேங்கி உள்ளே இறங்கி மரத்தை உளுக்க வைத்தது. கடைசியில் விறகு விலைக்குப் போனது. அந்த விறகுப் பணத்தைப் பிரிப்பதிலும் சண்டை. அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் போகவில்லை, எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர்கள் வரவில்லை. அப்பா இறந்தபோதுதான் பெரியப்பா வாசல் ஏறினார்.

இந்தக் கதையைச் சுமந்துகொண்டுதான் நான் நார்விச் போனேன். மகள் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டம். நம் டெல்டா போலத் தட்டையான பூமி, ஆனால் குளிர். அங்கே பிராட்ஸ் என்று ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. ஆறுகளும் ஏரிகளும் ஒன்றோடொன்று கோத்தது போல் கிடக்கும். ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்களாம். அடுப்பெரிப்பதற்காக இடைக்காலத்து ஜனங்கள் பீட் என்ற சதுப்பு மண்ணை வெட்டியெடுத்த பள்ளங்களில் தண்ணீர் ஏறியதுதான் இந்த ஏரிகள் என்பதை ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற பெண் விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950-களில் நிரூபித்தார்கள்.

"அப்பா, உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது" என்று மகள் லட்ஹம் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். ஓடைக்கரையில் ஒரு படகுப் பட்டறை, ஹண்டர்ஸ் யார்டு என்று பெயர். உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். மரப்படகுகள் வரிசையாக, ஒரு டஜனுக்கும் மேல். மகோகனிப் பலகை, வார்னிஷ் பளபளப்பில் தண்ணீரின் அசைவு தெரிகிறது. பெரும்பாலானவை 1930-களிலும் அதையொட்டியும் கட்டியவை. ஒன்றிலும் எஞ்சின் கிடையாது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழை. நம் பரிசல்காரர் துறையில் ஊன்றுவது போல நீளமான கழையை ஆற்றடியில் ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டியதுதான்.

யாருடைய படகுகள் இவை என்று கேட்டேன். கடன் பிரிவில் இருந்தவன் கேட்கும் முதல் கேள்வி அதுதானே. சரியாக யாருடையதும் இல்லை என்று பதில் வந்தது.

கதை இதுதான். பெர்சி ஹண்டர் என்பவரும் அவருடைய மகன்களும் 1930-களின் தொடக்கத்தில் இந்தப் பட்டறையை ஆரம்பித்துப் படகு கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1968-இல் நார்ஃபோக் கவுண்டி கவுன்சில், அதாவது நம் ஜில்லா போர்டு மாதிரி, மொத்தப் படகுகளையும் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தது. 1990-களின் நடுவில் கவுன்சில் இவற்றை விற்க முடிவு செய்தது. தனித்தனியாக விற்றுப்போயிருந்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போயிருக்கும். அந்தப் பகுதி ஜனங்கள் பணம் திரட்டினார்கள். ஒரு அறக்கட்டளை அமைத்து எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கூலி கொடுத்து ஒரு நாளோ ஒரு வாரமோ எடுத்துப் போகலாம். ஓட்டத் தெரியாதவனுக்கு ஓட்டுபவரோடு தருகிறார்கள். இதில் பற்றுள்ளவர்கள் நண்பர்கள் வட்டமாகச் சேர்ந்து உடலுழைப்பும் பணமும் தருகிறார்கள்.

எங்களுக்கு ஓட்டுபவராக வந்தவர் ஒரு அம்மாள். என் வயதுக்கு ஒன்றிரண்டு கூடவே இருக்கும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். ஓடையிலிருந்து தர்ன் ஆற்றில் திரும்பினோம். இரண்டு கரையிலும் ஆளுயர நாணல். தூரத்தில் வெள்ளையடித்த காற்றாலை. சத்தமே இல்லை. எஞ்சின் இல்லாத படகில் போய் எனக்கு அறுபது வருஷம் ஆகிறது. பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. "கச்சான்" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். அந்த அம்மாள் என்னவென்று கேட்டார். மகள் விளக்கினாள். அவர் அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சுக்கான் பிடியை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு மைல் நன்றாகத்தான் ஓட்டினேன். பிறகு ஆறு வளைந்தது. காற்று எதிரானது. எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்துதான் ஏற முடியும். ஆறோ குறுகல். திருப்பச் சொன்ன நேரத்தில் நான் திருப்பாமல், இரண்டு விநாடி தாமதித்தேன். தலைப்பக்கம் நாணலுக்குள் போய்ச் சொருகியது. உள்ளே ஏதோ பழைய முளைக்கட்டை இருந்திருக்கிறது. 'கர்' என்று ஒரு சத்தம். வெளியே இழுத்துப் பார்த்தால் வார்னிஷில் முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. தொண்ணூறு வருஷம் பலர் பத்திரமாகக் காப்பாற்றிய பலகை. மன்னிப்புக் கேட்டேன், பணம் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தேதி, படகின் பெயர், இடது பக்கம், முன்பகுதி, இவ்வளவு நீளம் கீறல் என்று எழுதினார். யார் செய்தது என்று எழுதவில்லை. எழுதி முடித்து, "குளிர்காலத்தில் பார்த்துக்கொள்வார்கள். திரும்ப நீங்களே பிடியுங்கள்" என்று சுக்கானைக் காட்டினார்.

அந்த நோட்டைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தோணியில் ஒரு பலகை உடைந்தால் முதல் கேள்வி யாரால் உடைந்தது என்பது. அதற்குப் பதில் தெரிவதற்குள் மழை வந்துவிடும். இங்கே முதல் கேள்வி எங்கே உடைந்திருக்கிறது என்பது. யாரால் என்பதைக் கேட்கவே இல்லை. கேட்கத் தேவை இல்லாதபடி அதற்கான பணம் ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஏறுகிறவன் ஒவ்வொருவனும் கொடுக்கும் கூலியில் அந்தக் கீறலுக்கான காசும் சேர்ந்தே இருக்கிறது. குளிர்காலத்தில் படகுகளைக் கொட்டகையில் ஏற்றி, தேய்த்து, வார்னிஷ் அடித்து, சித்திரைக்கு மேல் திரும்பவும் தண்ணீரில் விடுகிறார்கள். அது யாருடைய முறை என்ற பேச்சே இல்லை. வருஷம் பிறந்தால் வருஷத்தோடு சேர்ந்து அந்த வேலையும் வந்துவிடும்.

இனி என் அபிப்பிராயம். பழைய மரப்படகைத் தனி ஒருவன் வைத்துக் காப்பாற்றுவதைவிட, ஒழுங்கான ஒரு கூட்டம் வைத்துக் காப்பாற்றுவதே மேல். இதைப் பொதுவுடைமைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தின் குணத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

மரப்படகு தண்ணீரில் கிடந்தால்தான் பலகை ஊறிப் பருத்து இடுக்கு அடைபடும். கரையில் கிடந்தால் காய்ந்து பிளக்கும். காற்றாடாமல் மூடிக் கிடந்தால் மழைநீர் தங்கி உளுக்கும். கடல் உப்பு ஓரளவு மரத்தைக் காக்கும், மழைத் தண்ணீர்தான் மரக்கலத்துக்கு எமன் என்று எங்கள் தண்டல் சொல்வார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். ஆகவே அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுகிறவன்தான் கசிவைப் பார்ப்பான், கயிறு நைந்ததைப் பார்ப்பான். பணக்காரன் ஒருவன் ஆசைக்கு வாங்கி வைத்தால் வருஷத்தில் எத்தனை நாள் ஏறுவான்? மிஞ்சிப்போனால் பத்து நாள். மீதி நாளெல்லாம் படகு கட்டிய இடத்தில் கிடக்கும், செலவு மட்டும் ஓடும். அவன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

காட்சிச்சாலையில் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் கட்டடத்துக்குள் வைத்த படகு காய்ந்துகொண்டே இருக்கும். உருவம் இருக்கும், ஓட்டத் தெரிந்தவன் இருக்க மாட்டான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் மரப்படகுகளுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே காட்சிப்பொருளையே எடுத்து ஏரியில் ஓட்டலாம். அதுதான் சரியான காட்சிச்சாலை என்பேன். வித்தை கையில் இருந்தால் படகைத் திரும்பக் கட்டலாம். படகு மட்டும் இருந்து வித்தை போய்விட்டால் அது வெறும் மரம்.

மறுப்பு என்னவென்று எனக்கும் தெரியும். "அது பணக்கார நாடு, பொழுதுபோக்குப் படகு, நன்னீர் ஆறு. நம் கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இருக்கிறது. நம் தோணி பிழைப்புக்காக ஓடியது, எஞ்சின் வந்ததும் பாய் போனது நியாயம்தானே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பிழைப்புக்கு ஓட்டுகிறவன் எஞ்சின் வைக்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் உயிர் அதில் இருக்கிறது.

ஆனால் அதே ஓடைப்பக்கம் இன்னொரு கலத்தைப் பார்த்தேன். ஆல்பியன் என்று பெயர். 1898-இல் கட்டியது. கறுப்புப் பாய் போட்ட சரக்குப் படகு. அந்த ஊர்க்காரர்கள் இந்த இனத்தை வெர்ரி என்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஆறுகளில் சரக்கு ஏற்றிப் போனது முழுக்க இவைதான். ரயிலும் லாரியும் வந்து இவற்றை ஒழித்தன. நம் தோணியின் கதையேதான். கடைசியில் மிஞ்சியதில் ஒன்றையாவது காப்பாற்றுவதற்காக 1949-இல் ஒரு டிரஸ்ட் தொடங்கினார்கள். முதலில் சரக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை. பிறகு ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். அது பொழுதுபோக்குப் படகு இல்லை, உழைத்த படகு. 1949-இல் இங்கிலாந்து பணக்கார நாடாகவும் இல்லை. யுத்தம் முடிந்து ரேஷன் அட்டை வைத்திருந்த காலம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நினைத்த நாளில் படகு கிடைக்காது. முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் எல்லோருக்கும் ஆசை வரும், வார்னிஷ் தேய்க்கிற நாளில் பாதிப் பேருக்கு இடுப்பு வலிக்கும். நான் அங்கே பார்த்த தொண்டர்களில் முக்கால்வாசி தலை நரைத்தவர்கள். நமக்குப் பிறகு யார் என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பது ஒன்றுதான் அதற்கு வழி என்று அந்த அம்மாள் சொன்னார்.

"நம் ஆட்களுக்கு இது வராது" என்ற பேச்சை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகமை என்று ஒன்று நம் வியாபாரிகளிடம் தலைமுறை தலைமுறையாக இருந்ததே, மறந்துவிட்டதா? மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று லாப நஷ்டம் பார்க்கும் முன்பே ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். கோயில் நடந்தது, பள்ளிக்கூடம் நடந்தது. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள். கூட்டுச் சொத்து குட்டிச் சுவர் என்பது உண்மையானால் அந்தக் கட்டடங்கள் இன்று நிற்காது.

ஊர் திரும்பியதும் பெரியப்பா மகனைப் பார்க்கப் போனேன். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். பெரியவர்கள் சண்டையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். ஆனால் தோணியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசினதில்லை. அன்று முதல் தடவையாகப் பேசினேன். போனில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"துட்டு யாருல போட்டா?"

சொன்னேன். யார் ஏறினாலும் கூலி, கூலியில் முதல் செலவு படகுக்கு, மிச்சம் இருந்தாலும் படகுக்கே, யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கச் சொன்னார். உள்ளே பெரியப்பாவின் கணக்குப் புத்தகம். செல் அரித்த ஓரங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். மூன்று பெயர், மூன்று பங்கு, அப்பாவின் அழகான கையெழுத்தில் கூட்டல்.

"மூணு பங்கு எழுதிருக்காங்க பாத்தியா? நாலாவதா தோணிக்குன்னு ஒண்ணு எழுதிருக்கணும்ல. ஒருத்தனுக்கும் தோணலயே."

எங்கள் அப்பா நல்ல கணக்குப்பிள்ளை. ஒரு பைசா தவறாது. அவருக்கே அது தோன்றவில்லை. இதைச் சொல்வது அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் நல்லவர்கள்தான், கெட்டது ஏற்பாடுதான் என்று தெரிந்தபோது மனசில் ஏதோ பாரம் குறைந்தது போல இருந்தது.

நம் ஊரில் தோணிக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பாய் கட்டிக் கொழும்பு போய்வந்த கைகளில் ஒன்றிரண்டு இன்னும் மிச்சம் இருக்கலாம். கலப்பத்து உளி பிடித்தவர்களும் இருக்கலாம். எல்லோருக்கும் என் வயதோ அதற்கு மேலோதான். பெரிய தோணிகூட வேண்டாம், இருபது பேர் உட்காரும் அளவில் ஒரு மரக்கலத்தைப் பாயோடு கட்டி, அதைக் கூட்டாக வைத்து, நம் பிள்ளைகளுக்கு வாடையையும் கொண்டலையும் கச்சானையும் முகத்தில் காட்டினால் போதும். நாலு பேர் சேர்ந்தால் நான் கணக்கு எழுதித் தருகிறேன். முதல் வரியில் படகின் பெயரையும் அதன் பங்கையும் எழுதிவிட்டுத்தான் மற்றவர்கள் பெயரை எழுதுவேன்.

அண்ணன் இப்போதே ஒரு பெயர் சொல்லிவிட்டார். அவருக்குச் சுக்கான் பிடிக்க வேண்டுமாம்.